பேன் தொல்லை: ஒரே முழுக்கில் தீராது



ஹிஜ்ரி 6ஆம் ஆண்டு ஹுதைபிய்யாவில் நபித்தோழர் கஅப் இப்னு உஜ்ரா (ரலி) அவர்கள் இஹ்ராமில் இருந்தார்கள். சமையல் சட்டிக்குத் தீ மூட்டிக்கொண்டிருந்தபோது தலையிலிருந்த பேன்கள் அவர்கள் முகத்தில் உதிர்ந்தன. அதைக் கண்ட நபி (ஸல்) அவர்கள், இவை உமக்குத் தொல்லை தருகின்றனவா என்று விசாரித்தார்கள். ஆம் என்றதும் தலையை மழித்துக்கொள்ளச் சொன்னார்கள். அதற்குப் பரிகாரமாக மூன்று நாள் நோன்பு, ஆறு ஏழைகளுக்கு உணவு, ஓர் ஆட்டைப் பலியிடுதல் ஆகியவற்றில் ஒன்றைச் செய்யச் சலுகை தரப்பட்டது. அல்பகரா 196ஆம் வசனத்தின் பின்னணி இதுவே.

அங்கே ஏச்சும் இல்லை, அருவருப்பும் இல்லை. நம் வீடுகளிலோ பேன் பிடித்த பிள்ளையைத் திட்டுகிறோம். வெட்கப்பட்டு மதரஸாவுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் அனுப்பாமல் வைக்கிறோம். இது தேவையில்லை. சுத்தமான தலையிலும் பேன் வரும். அது பறக்காது, குதிக்காது. தலையோடு தலை சேரும்போது ஏறிக்கொள்ளும். ஒரே பாயில் படுக்கும் அக்கா தங்கைக்குச் சேர்ந்து வருவது இதனால்தான்.

ஏன் திரும்பத் திரும்ப வருகிறது?

ஈர் என்பது பேனின் முட்டை. முடியின் அடியில் பசைபோல ஒட்டியிருக்கும். சீயக்காய்க்கோ ஷாம்புக்கோ விடாது. 7 முதல் 10 நாளில் பொரியும். பொரித்த குஞ்சு ஏறத்தாழ 10 நாளில் தானே முட்டையிடத் தொடங்கும். இன்று பேனைக் கொன்றாலும் தப்பிய ஈர் அடுத்த வாரம் பொரிக்கும். ஆகவே ஒருமுறையோடு நிறுத்தக் கூடாது.

செய்ய வேண்டியவை

1. வீட்டில் எல்லோர் தலையையும் ஒரே நாளில் பாருங்கள். பேன் உள்ள அனைவருக்கும் அன்றே தொடங்குங்கள்.

2. தலையை அலசி, ஈரமுடியில் கண்டிஷனர் அல்லது தேங்காய் எண்ணெய் தடவி, சிக்கெடுத்து, பேன்சீப்பால் அடிமுடியிலிருந்து நுனிவரை பகுதி பகுதியாக வாருங்கள். ஒவ்வொரு வாரலுக்கும் சீப்பை வெள்ளைத் துணியில் துடையுங்கள். ஒட்டிய ஈரை ஈர்வலியாலோ நகத்தாலோ உருவுங்கள்.

3. இதை 1, 5, 9, 13ஆம் நாட்களில் செய்யுங்கள். 17ஆம் நாள் மறுபடி பாருங்கள். ஒரு பேனும் இல்லையென்றால் தீர்ந்தது.

4. மருந்து வேண்டுமானால் மருத்துவரைக் கேட்டு 1% பெர்மெத்ரின் லோஷன் வாங்குங்கள். 5% என்பது சொறிசிரங்குக்கானது. 10 நிமிடம் வைத்து அலசி, 9ஆம் நாள் மறுபடி போட வேண்டும். கைக்குழந்தைக்கும் கர்ப்பிணிக்கும் மருத்துவரைக் கேட்காமல் எதையும் போடாதீர்கள்.

5. தலையணை உறை, முக்காட்டுத் துணி, துண்டு ஆகியவற்றை வெந்நீரில் துவைத்து வெயிலில் காயப்போடுங்கள். தலையைவிட்டு விழுந்த பேன் இரண்டு நாளுக்குமேல் உயிர்வாழாது. ஆகவே வீடு முழுக்க மருந்தடிக்க வேண்டாம்.

செய்யக் கூடாதவை

மண்ணெண்ணெய் வேண்டாம், தீப்பற்றும், தோல் வெந்துபோகும். கொசு மருந்தும் பூச்சிமருந்தும் விஷம். சீத்தாப்பழக் கொட்டைப் பொடி கண்ணில் பட்டால் கருவிழி புண்ணாகும். நம் நாட்டுக் கண் மருத்துவர்கள் இப்படி வந்தவர்களைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். கற்பூரம் கலந்த எண்ணெய் குழந்தையின் வாய்க்குப் போனால் வலிப்பு வரும். கடலில் முங்கினால் செத்துவிடும் என்றும் எண்ண வேண்டாம். பேன் தண்ணீருக்குள் பல மணி நேரம் தாக்குப்பிடிக்கும்.

சொறிந்த இடத்தில் சீழோ காய்ச்சலோ கண்டால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துச் செல்லுங்கள்.

பிள்ளை யாரோடு விளையாடுகிறதோ அந்த வீட்டு உம்மாவிடமும் பக்குவமாகச் சொல்லிவிடுங்கள். ஒரு வீடு மட்டும் பாடுபட்டால் அடுத்த வீட்டிலிருந்து திரும்ப வரும். குறை சொல்வதற்காக அல்ல, இருவரும் சேர்ந்து தீர்ப்பதற்காகவே சொல்கிறோம். நம் பிள்ளைகளுக்கு அல்லாஹ் ஆரோக்கியத்தைத் தந்தருள்வானாக. ஆமீன்.