லிட்டரும் கிலோகிராமும்: பால் கணக்கில் அடர்த்தியின் இடம்

ஒரு கிலோ இரும்பு கனமா, ஒரு கிலோ பஞ்சு கனமா என்று சிறுவர்களிடம் விளையாட்டாகக் கேட்பது உண்டு. இரண்டும் ஒரே எடைதான். அவை அடைத்துக்கொள்ளும் இடம்தான் வேறு. இந்த எளிய வேறுபாட்டையே அறிவியல் ‘அடர்த்தி’ என்ற சொல்லால் குறிக்கின்றது. பள்ளிப் பாடமாக மட்டும் நின்றுவிடும் பொருளன்று இது. நம் நாட்டின் கிராமங்களில் காலையும் மாலையும் பால் ஊற்றும் குடும்பங்களின் வருவாயோடு நேரடித் தொடர்பு உடையது.

1946இல் குஜராத்தின் கேடா மாவட்டத்தில் பால் உற்பத்தியாளர் கூட்டுறவு ஒன்றியம் தோன்றியது. 1965இல் ஆனந்த் நகரில் தேசியப் பால்வள வாரியம் நிறுவப்பட்டது. 1970 முதல் 1996 வரை ‘வெள்ளப் பெருக்குத் திட்டம்’ நடைமுறையில் இருந்தது. 1998 முதல் உலகின் பால் உற்பத்தியில் இந்தியா முதலிடம் வகிக்கின்றது. இந்த வளர்ச்சிக்கு அடிப்படையாக அமைந்தது, ஊற்றிய பாலுக்கு அளவும் தரமும் பார்த்து நியாயமான விலை கிடைக்கும் என்று உற்பத்தியாளர் கொண்ட நம்பிக்கை. அந்த நம்பிக்கையைக் காக்கும் கணக்குகளுள் ஒன்றே அடர்த்திக் கணக்கு.

அடர்த்தி என்பது யாது?

ஒரு பொருளின் நிறையை அதன் கன அளவால் வகுத்தால் கிடைப்பது அடர்த்தி ஆகும்.

அடர்த்தி = நிறை ÷ கன அளவு

நிறையைக் கிலோகிராமிலும் கன அளவைக் கன மீட்டரிலும் குறித்தால், அடர்த்தியின் அலகு ஒரு கன மீட்டருக்கு இத்தனை கிலோகிராம் என அமையும். அன்றாடக் கணக்குகளுக்கு ஒரு லிட்டருக்கு இத்தனை கிலோகிராம் என்று கொள்வது எளிது. 4 டிகிரி செல்சியஸ் வெப்பநிலையில் ஒரு லிட்டர் தூய நீரின் நிறை ஏறத்தாழ ஒரு கிலோகிராம். எனவே நீரின் அடர்த்தி 1 என்று எளிதில் நினைவில் கொள்ளலாம்.

ஒரு லிட்டர் கொள்ளும் பாத்திரத்தை வெறுமையாக நிறுத்தால் 250 கிராம்; குறியீடு வரை பால் நிரப்பி நிறுத்தால் 1,280 கிராம் எனக் கொள்வோம். பாலின் நிறை 1,280 – 250 = 1,030 கிராம். கன அளவு ஒரு லிட்டர். ஆகவே அடர்த்தி லிட்டருக்கு 1.030 கிலோகிராம். பால் நீரைவிடச் சற்றே அடர்ந்தது என்பது இதனால் விளங்கும். பசும்பாலின் அடர்த்தி பொதுவாக 1.028 முதல் 1.030 வரையிலும், எருமைப் பாலின் அடர்த்தி 1.030 முதல் 1.032 வரையிலும் இருக்கும்.

மூன்று விழுக்காடு யாருக்கு?

ஒரு லிட்டர் பால் என்பதும் ஒரு கிலோ பால் என்பதும் ஒன்றல்ல என்பது இதிலிருந்து பெறப்படும் முதல் பாடம். கிராமச் சங்கம் உறுப்பினரிடம் லிட்டர் கணக்கில் பாலை அளந்து வாங்குவதாகவும், ஒன்றியத்திற்குக் கிலோகிராம் கணக்கில் அனுப்புவதாகவும் வைத்துக்கொள்வோம். நாளொன்றுக்கு 1,000 லிட்டர் வாங்கினால் அனுப்பப்படும் பால் 1,030 கிலோகிராம். இந்த 30 கிலோகிராம் வேறுபாடு கணக்கில் இடம்பெறவில்லையெனில், அது உற்பத்தியாளருக்கு உரிய தொகையில் ஏற்படும் குறைவே ஆகும்.

தனி உறுப்பினர் நிலையில் நின்று பார்ப்போம். நாள்தோறும் 5 லிட்டர் ஊற்றுபவர் உண்மையில் கொடுப்பது 5.15 கிலோகிராம். அதனை 5 கிலோகிராம் என்று எழுதினால் நாளொன்றுக்கு 150 கிராம் குறைகின்றது. 30 நாட்களில் இது 4.5 கிலோகிராம் ஆகும். ஏறத்தாழ ஒரு நாள் பால் விலையின்றிப் போகின்றது எனலாம். ஒரு கிலோகிராமுக்கு 40 ரூபாய் விலை என்றால், ஒரு லிட்டருக்கு உரிய விலை 40 × 1.03 = 41 ரூபாய் 20 காசு. விலைப்பட்டியல் எந்த அலகில் உள்ளது, அளவு எந்த அலகில் எடுக்கப்படுகின்றது என்ற இரண்டையும் ஒப்பிட்டுப் பார்ப்பது தணிக்கை அலுவலரின் முதற்கடமை ஆகும்.

நீர் கலந்தால் என்ன ஆகும்?

1.030 அடர்த்தியுள்ள 10 லிட்டர் பாலில் ஒரு லிட்டர் நீர் சேர்க்கப்பட்டது என்போம். நிறை 10.3 + 1.0 = 11.3 கிலோகிராம். கன அளவு 11 லிட்டர். அடர்த்தி 11.3 ÷ 11 = 1.0273. அதாவது பத்தில் ஒரு பங்கு நீர் சேர்த்தும் அடர்த்தி 0.0027 மட்டுமே குறைந்துள்ளது.

இத்துணைச் சிறிய வேறுபாட்டைச் சாதாரணப் பாத்திரத்தால் அளந்தறிதல் இயலாது. ஒரு லிட்டரில் 10 மில்லிலிட்டர் கூடுதலாகவோ குறைவாகவோ ஊற்றிவிட்டால், விடையில் 0.01 அளவுக்குப் பிழை நேரும். நாம் தேடும் வேறுபாட்டைவிட இப்பிழை மூன்று மடங்குக்கும் மேற்பட்டது. தராசு எவ்வளவு நுட்பமானதாயினும், கன அளவில் நேரும் பிழை கணக்கு முழுவதையும் கெடுத்துவிடும்.

இதனாலேயே பால்மானி பயன்படுத்தப்படுகின்றது. மிதக்கும் பொருள் தன் எடைக்குச் சமமான எடையுள்ள திரவத்தை விலக்கும் என்பது ஆர்க்கிமிடீஸ் தத்துவம். அடர்ந்த திரவத்தில் பால்மானி குறைவாகவும், அடர்த்தி குறைந்த திரவத்தில் அதிகமாகவும் அமிழும். அதன் கழுத்து மெல்லியதாக இருப்பதால் சிறு வேறுபாடும் தெளிவாகப் புலனாகும். பால்மானி 30 என்று காட்டினால் அடர்த்தி 1.030 என்று பொருள். மேற்கண்ட நீர் கலந்த பாலில் அது 27க்குச் சற்று மேலே நிற்கும்.

வெப்பநிலை உயர்ந்தால் பால் விரிந்து அடர்த்தி குறையும். ஆகவே கருவியில் பொறிக்கப்பட்டுள்ள வெப்பநிலைக்கு ஏற்பத் திருத்தம் செய்தல் வேண்டும். கறந்தவுடன் நுரை அடங்குமுன் அளத்தலும் கூடாது; காற்றுக் குமிழ்கள் அளவைக் குறைத்துக் காட்டும். இவ்விதிகளைப் புறக்கணித்தால், தூய பால் கொணர்ந்தவர் மீதே வீண் பழி நேரக்கூடும்.

பால்மானி மட்டும் போதுமா?

போதாது. பால் கொழுப்பு நீரைவிட இலேசானது. எனவே பாலேட்டை எடுத்தால் எஞ்சும் பாலின் அடர்த்தி உயரும். நீர் சேர்த்தால் குறையும். இரண்டையும் செய்தால் பழைய நிலைக்கே கொண்டுவந்துவிடலாம். 1.030 அடர்த்தியும் 4 விழுக்காடு கொழுப்பும் உள்ள 10 லிட்டர் பாலிலிருந்து, 0.99 அடர்த்தியும் 40 விழுக்காடு கொழுப்பும் உள்ள அரை லிட்டர் பாலேடு எடுக்கப்பட்டது என்போம்.

எஞ்சிய நிறை: 10.3 – 0.495 = 9.805 கிலோகிராம்
எஞ்சிய கன அளவு: 9.5 லிட்டர்
அடர்த்தி: 1.032

இதில் சுமார் 0.667 லிட்டர் நீர் சேர்த்தால் நிறை 10.472 கிலோகிராம், கன அளவு 10.167 லிட்டர், அடர்த்தி மீண்டும் 1.030. பால்மானி பழையபடி 30 என்றே காட்டும். ஆனால் தொடக்கத்தில் 0.412 கிலோகிராமாக இருந்த கொழுப்பில் 0.198 கிலோகிராம் பாலேட்டுடன் சென்றுவிட்டது. எஞ்சிய கொழுப்பு ஏறத்தாழ 2 விழுக்காடு மட்டுமே. பால்மானி குறை காணாத பாலில் கொழுப்பு பாதியாகிவிட்டது. சர்க்கரை, உப்பு போன்றவற்றைக் கரைத்தும் அடர்த்தியை உயர்த்த இயலும்.

ஆதலால் பால்மானி அளவோடு கெர்பர் முறை போன்ற கொழுப்புச் சோதனையும் இணைய வேண்டும். இரண்டு அளவுகளும் கிடைத்தால் கொழுப்பு நீங்கலான திடப்பொருளையும் கணக்கிடலாம். வழக்கிலுள்ள வாய்பாடுகளுள் ஒன்று: திருத்திய பால்மானி அளவில் நான்கில் ஒரு பங்கு, கொழுப்பு விழுக்காட்டில் நான்கில் ஒரு பங்கு, 0.44 ஆகிய மூன்றின் கூட்டுத்தொகை. அளவு 30, கொழுப்பு 4 எனில் விடை 8.94 விழுக்காடு. கொழுப்பு, திடப்பொருள் என்ற இரண்டையும் கருதி விலை வகுக்கும் முறைக்கு இதுவே அடிப்படை.

முடிவுரை

1956ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே மெட்ரிக் அளவைகள் நம் நாட்டில் நிலைபெற்றன. ஆயினும் ஓர் அலகிலிருந்து மற்றோர் அலகுக்கு மாறும் இடத்தில் அடர்த்தியை மறந்தால், நேரான தராசும் தவறான கணக்கையே தரும். மாணவர்கள் தம் ஊர்ச் சங்கத்தின் பால் கணக்கை ஒருமுறை இவ்வாய்பாட்டால் சரிபார்த்தல் நற்பயிற்சி ஆகும். அலுவலர்கள் லிட்டர், கிலோகிராம், பயன்படுத்திய அடர்த்தி ஆகிய மூன்றையும் பதிவேட்டில் எழுதச் செய்வார்களாயின், பால் ஊற்றுபவர் தம் அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு தாமே கணக்கிட்டு அறிய முடியும்.