ஆகாயப் படையில் விமானிப் பயிற்சி: கல்லூரி மாணவரும் பெற்றோரும் அறிய வேண்டியவை

கல்லூரி விடுமுறையில் தோட்டத்திற்குத் திரும்பும் மகனோ மகளோ, "ஆகாயப் படையில் விமானிப் பயிற்சிக்கு விண்ணப்பிக்கப் போகிறேன்" என்று கூறினால், பெற்றோரின் முதற் கேள்வி பெரும்பாலும் "எவ்வளவு கட்ட வேண்டும்?" என்பதாகவே இருக்கும். அக்கேள்வி நியாயமானதே. தனியார் பள்ளியில் பயின்று வர்த்தக விமானி உரிமம் பெறச் சில இலட்சம் ரிங்கிட் செலவாகிறது. பால்மரம் வெட்டும் குடும்பத்திற்கு அது எட்டாத தொகை. அரச மலேசிய ஆகாயப் படையிலோ பயிற்சிச் செலவை அரசாங்கமே ஏற்கின்றது. அதற்கு ஈடாக, தேர்ச்சி பெற்றபின் குறித்த ஆண்டுகள் படையில் பணியாற்றுவதாக மாணவர் ஒப்பந்தம் செய்துகொள்கிறார். விண்ணப்பத்திற்கும் கட்டணமில்லை. ஆதலின், "எனக்கு உள்ளே ஆளைத் தெரியும், இடம் வாங்கித் தருகிறேன்" என்று எவரேனும் பணம் கேட்டு வந்தால் அவரை வாசலோடு அனுப்பிவிடுதல் வேண்டும். அத்தகைய இடத்தை விற்க எவருக்கும் அதிகாரமில்லை.

நமது ஆகாயப் படை 1958ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் தோன்றியது. அப்போது அதனிடமிருந்த முதல் விமானம் 'டுவின் பயனியர்' என்னும் சிறிய போக்குவரத்து விமானமாகும். இன்று பட்டர்வொர்த், குவாந்தான், சுபாங், லாபுவான், கோங் கெடாக் ஆகிய இடங்களில் அதன் தளங்கள் உள்ளன. போர் விமானம், போக்குவரத்து விமானம், ஹெலிகாப்டர் ஆகிய எதில் பணியாற்றுவதாயினும், அதன் விமானி பறக்கத் தொடங்கும் இடம் கெடாவிலுள்ள அலோர் ஸ்டாரே. அங்குக் கெப்பாலா பத்தாஸில் ஆகாயப் படைக் கல்லூரி அமைந்துள்ளது. (பினாங்கிலும் ஒரு கெப்பாலா பத்தாஸ் உண்டு. நேர்முகத்திற்கோ பயிற்சிக்கோ செல்பவர் ஊரை மாற்றிப் பஸ் ஏறிவிடக் கூடாது.)

விண்ணப்பிக்க வழிகள் சில உள்ளன. எஸ்.பி.எம். முடித்தவர்கள் பயிற்சி அதிகாரிகளாகச் சேர விண்ணப்பிக்கலாம். உயர்கல்வி பயின்றோருக்கும் அவ்வப்போது வாய்ப்பு அறிவிக்கப்படுகிறது. பட்டப்படிப்பையும் இராணுவப் பயிற்சியையும் ஒருங்கே பெற விரும்புவோர், சுங்கை பெசியிலுள்ள தேசியத் தற்காப்புப் பல்கலைக்கழகத்தை நாடலாம். முன்னர் இராணுவக் கல்விக்கழகமாக இருந்த அது 2006இல் பல்கலைக்கழகமாக உயர்த்தப்பட்டது. வயது, உயரம், தேர்ச்சி ஆகியவற்றின் வரம்புகள் ஒவ்வோர் ஆள்சேர்ப்பு அறிவிப்பிலும் குறிக்கப்படும். பழைய அறிவிப்பை நம்பாமல், அந்த ஆண்டின் அறிவிப்பைப் படித்து, ஆயுதப் படையின் அதிகாரபூர்வ இணையத் தளத்தில் விண்ணப்பிக்க வேண்டும்.

இங்கு ஒரு குழப்பத்தைத் தீர்த்தல் நலம். அரசாங்கப் பல்கலைக்கழகங்களில் 'பாலாப்பெஸ்' எனப்படும் சேமப்படை அதிகாரிப் பயிற்சி உண்டு. அதில் சேர்ந்தால் விமானி ஆகிவிடலாம் என்று எண்ணும் மாணவர்கள் உளர். அப்பயிற்சியால் கிடைப்பது தொண்டர் சேமப்படையின் அதிகாரிப் பதவி. அது ஒழுக்கத்தையும் படை நடைமுறையையும் கற்பிக்கும். நேர்முகத்தில் நற்சான்றாகவும் அமையும். ஆயினும் விமானிப் பயிற்சிக்குத் தனியாக விண்ணப்பித்தே தீர வேண்டும்.

பெண்களுக்கு இத்துறை உரியதன்று என்று கருதுவோர், சண்டாக்கானைச் சேர்ந்த பெட்ரிசியா யாப் என்னும் அதிகாரியை நினைவிற் கொள்ள வேண்டும். இன்று பணியில் இல்லாத மிக்-29 போர் விமானத்தை நம் படையில் ஓட்டியவர் அவர்.

இனி, தோட்டக் குடும்பங்கள் மிகுந்த கவனம் செலுத்த வேண்டிய செய்திக்கு வருவோம். மாணவர் மலேசியக் குடியுரிமை பெற்றவராக இருத்தல் கட்டாயமாகும். பிறப்பைக் காலந்தாழ்த்திப் பதிந்தமை, பெற்றோரின் திருமணத்தைப் பதியாமை, பெயரில் எழுத்துப் பிழை, சிவப்பு அடையாளக் கார்டு முதலிய சிக்கல்கள் நம்மிடையே பல குடும்பங்களில் இன்னும் தீராமல் உள்ளன. ஆரம்பப் பள்ளியில் இவை பெரிதாகத் தோன்றா. கணக்கில் முதலாவதாக வந்த பிள்ளை விண்ணப்பப் படிவத்தின் முதற் பக்கத்திலேயே நின்றுவிடும் நாளில்தான் அவற்றின் கனம் தெரிகிறது. பதிவு இலாகாவில் இவ்வகைக் காரியம் முடியப் பல ஆண்டுகள் ஆகக்கூடும். எனவே, பிள்ளை ஆறாம் ஆண்டில் இருக்கும்போதே பிறப்புப் பத்திரத்தையும் அடையாளக் கார்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரு நாள் சம்பளம் போனாலும் பரவாயில்லை. பதிவு இலாகாவிற்கு நேரில் சென்று வாருங்கள்.

அடுத்தது பாடத் தேர்வு. நான்காம் படிவத்தில் "கஷ்டமாயிருக்கிறது" என்று இயற்பியலையும் கணிதத்தையும் கைவிட்ட மாணவர், கல்லூரிக்கு வந்தபின் வருந்திப் பயனில்லை. விமானிக்குக் கணிதம் எதற்கு என்று கேட்கலாம். ஒரு சிறு கணக்கைப் பார்ப்போம். விமானத்தின் வேகம் 'நாட்' என்னும் அளவால் சொல்லப்படும். ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல், அதாவது 1.852 கிலோமீட்டர். 120 நாட் வேகத்தில் பறக்கும் விமானம் 60 கடல் மைல் தூரத்தை 30 நிமிடத்தில் கடக்கும். எதிர்க்காற்று 20 நாட் வீசினால், தரையை ஒட்டிய வேகம் 100 நாட்டாகக் குறைந்து 36 நிமிடம் ஆகும். அந்த ஆறு நிமிடத்திற்கு எரிபொருள் இருக்கிறதா? இறங்கும்போதும் இதே போன்ற கணக்கு உண்டு. வழக்கமான மூன்று பாகைச் சரிவில் இறங்க, வேகத்தை ஐந்தால் பெருக்க வேண்டும். 100 நாட் வேகமாயின் நிமிடத்திற்கு ஏறத்தாழ 500 அடி இறங்க வேண்டும். இவற்றையெல்லாம் காகிதமின்றி, கை விமானத்தை இயக்கிக்கொண்டிருக்க, மனத்தாலேயே போட வேண்டும். ஆங்கிலமும் அவ்வாறே இன்றியமையாதது. அனைத்துலக வான்வழி வானொலிப் பேச்சு அம்மொழியிலேயே நடைபெறுகின்றது.

மருத்துவச் சோதனையில் பலர் கண்ணால் தடைப்படுகின்றனர். பார்வைக் கூர்மையுடன் நிறம் பிரித்தறியும் ஆற்றலும் சோதிக்கப்படும். வண்ணப் புள்ளிகளுக்கிடையே மறைந்திருக்கும் எண்ணைப் படிக்கச் சொல்வார்கள். இச்சோதனைக்குக் காரணம் உண்டு. ஓடுபாதையின் ஓரத்தில் நான்கு விளக்குகள் வரிசையாக இருக்கும். இரண்டு வெண்மையாகவும் இரண்டு சிவப்பாகவும் தெரிந்தால் விமானம் சரியான உயரத்தில் இறங்குகிறது. நான்கும் வெண்மையாயின் மிக உயரத்தில் உள்ளது. நான்கும் சிவப்பாயின் ஆபத்தான தாழ்வில் உள்ளது. விமானத்தின் இடச் சிறகில் சிவப்பு விளக்கும் வலச் சிறகில் பச்சை விளக்கும் இருப்பதால், இரவில் எதிரே வரும் விமானம் எத்திசை நோக்கியது என்பதையும் நிறத்தைக் கொண்டே அறிய வேண்டும். நிறக் குறைபாடு பெரும்பாலும் பிறவியிலேயே அமைவது, ஆண்களிடமே மிகுதி, மருந்தால் தீராது. ஆகவே மாணவர் பல ஆண்டுகள் கனவு காணும் முன்னரே அரசாங்க மருத்துவமனையில் கண்ணைச் சோதித்துக்கொள்வது நல்லது. காதில் சீழ், ஆஸ்துமா, பழைய எலும்பு முறிவு ஆகியவற்றை மறைத்தல் தவறு. உயரத்தில் காற்றழுத்தம் குறையும்போது பழுதுபட்ட காது தாங்காது. தவிர, விமானம் வேகமாகத் திரும்பும்போது உடலின் எடை பன்மடங்காகும். நான்கு மடங்காயின், 60 கிலோ எடையுள்ளவர் 240 கிலோவாகத் தம்மை உணர்வார்.

இதனையடுத்து வருவது திறனறி சோதனை. திரையில் நகரும் குறியைக் கையாலும் காலாலும் பின்தொடர்ந்துகொண்டே, காதில் கேட்கும் எண்களுக்கும் விடை கூறச் சொல்லும் வகையைச் சார்ந்தது இது. கண்ணும் கையும் ஒத்துழைப்பதென்பது நம்மவர்க்குப் புதிதன்று. விடியுமுன் நெற்றி விளக்கின் ஒளியில், 30 பாகைச் சாய்வு கெடாமல், ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் பட்டையை விட்டு, மரத்திற்குக் காயம்படாமல் நூற்றுக்கணக்கான மரங்களை வெட்டி வருபவர் அதனை நன்கறிவார். ஆயினும் பெற்றோரின் கைத்திறன் பிள்ளைக்குத் தானே வந்துவிடாது. போதிய உறக்கம், ஓட்டப் பயிற்சி, நீச்சல், அவசரமின்றி வேலை செய்யும் பழக்கம் ஆகியவையே சோதனை நாளில் கைகொடுக்கும்.

நேர்முகத்தில், "ஏன் விமானியாக விரும்புகிறீர்?" என்று கேட்பார்கள். "சிறுவயது முதலே ஆசை" என்னும் விடையை அவர்கள் நாள்தோறும் கேட்டுச் சலித்திருப்பார்கள். படையின் பணிகள், அதன் விமானங்கள், அன்றாட நாட்டு நடப்பு ஆகியவற்றைத் தேசிய மொழியிலும் ஆங்கிலத்திலும் பேசத் தெரிந்திருத்தல் வேண்டும். தந்தையின் தொழிலைக் கேட்டால், "தோட்டத்தில் பால்மரம் வெட்டுகிறார்" என்று தயங்காமல் கூற வேண்டும். அதைச் சொல்லத் தலைகுனியும் மாணவர், பிற கேள்விகளுக்கும் அப்படியே தலைகுனிவார் என்று கருத அவர்களுக்கு இடமுண்டு.

தேர்வு பெற்றோர் முதலில் படைப் பயிற்சி முடித்து, பின்னர் அலோர் ஸ்டாரில் 'பி.சி.-7 மார்க் 2' என்னும் ஒற்றைச் சுழல்விசிறி விமானத்தில் பயில்வர். மாணவர் முன் இருக்கையிலும் ஆசிரியர் பின் இருக்கையிலும் அமர்வர். ஆசிரியர் இறங்கிக்கொண்டு மாணவரைத் தனியே பறக்கவிடும் நாள் வரும். அந்நாளுக்கு முன்னும் பின்னும் சிலர் நிறுத்தப்படுவதுண்டு. அறிவும் முயற்சியும் இருந்தும், வானில் கணங்களுக்குள் முடிவெடுக்கும் இயல்பு கைகூடாமற் போகலாம். அவ்வாறு நிறுத்தப்பட்டவர், படையின் தேவைக்கும் தமது தகுதிக்கும் ஏற்ப வான் போக்குவரத்துக் கட்டுப்பாடு, பொறியியல், தளவாடம் முதலிய பிற பிரிவுகளுக்கு மாற்றப்படக்கூடும். மகன் "பறப்பதிலிருந்து எடுத்துவிட்டார்கள்" என்று தொலைபேசியில் கூறும் மாலையில், பிரட்டுக்களத்தில் நாலு பேர் என்ன பேசுவார்கள் என்பதை ஒதுக்கிவிட்டு, அடுத்து எந்தப் பிரிவைக் கேட்கப் போகிறான் என்று விசாரியுங்கள்.