சாலையோர மண்ணில் தங்கிய ஈயம்

நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என வகுத்தது தொல்காப்பியம். உணவும் மரமும் புள்ளும் தொழிலும் அவற்றின்மேல் அமையும் கருப்பொருள்கள். முதற்பொருள் கெடுமாயின் கருப்பொருள் எவ்வாறு நிலைபெறும் என்னும் வினா இலக்கிய மாணவர்க்கும் உரியதே. காற்று மாசு குறித்தும் நீர் மாசு குறித்தும் மேடைதோறும் பேசுகின்றோம். மண் மாசு குறித்துப் பேசுவார் அரியர். புகை கண்ணை உறுத்தும்; சாக்கடை மூக்கை உறுத்தும்; மண்ணில் கலந்த உலோகமோ எப்புலனையும் உறுத்துவதில்லை. போக்குவரத்தால் மண் அடையும் கேட்டினை, குறிப்பாக ஈயத்தின் வரலாற்றினை, இக்கட்டுரையில் காண முற்படுகின்றோம்.

பெட்ரோல் எஞ்சினில் எரிபொருள் முறைதவறி வெடிப்பதால் ஒருவகைத் தட்டொலி எழும். அதனைத் தடுக்க டெட்ரா எத்தில் ஈயம் என்னும் சேர்மம் உதவும் என்று 1921ஆம் ஆண்டு அமெரிக்காவில் தாமசு மிட்சிலி கண்டறிந்தார். 1923இல் அது விற்பனைக்கு வந்தது. மறு ஆண்டே நியூ செர்சி மாநிலத்து ஆலையொன்றில் அச்சேர்மத்தைக் கையாண்ட தொழிலாளர் ஐவர் நஞ்சேறி இறந்தனர். ஈயம் நஞ்சென்பது பண்டைய உரோமர் காலந்தொட்டு அறியப்பட்ட செய்தி. அறிந்திருந்தும் அப்பெட்ரோல் உலகெங்கும் பரவியது. அறியாமையினும் அறிந்து செய்த பிழையே பெரிது என்று நாம் இதனைக் கருதுகின்றோம்.

எஞ்சினில் எரிந்த ஈயம், குளோரின், புரோமின் ஆகியவற்றோடு கூடிய நுண்துகளாகப் புகைக்குழாய் வழியே வெளியேறியது. பருந்துகள் சாலையின் இரு மருங்கிலும் சில பத்து மீட்டர் தொலைவுக்குள் வீழ்ந்தன. நுண்துகள்கள் காற்றோடு நெடுந்தொலைவு சென்றன. இலைச்சருகு காலத்தால் மக்கும். எண்ணெயைக்கூட நுண்ணுயிர்கள் மெல்லச் சிதைக்கும். ஈயமோ தனிமம், அது சிதைந்து வேறொன்றாவதில்லை. களிமண்ணும் மக்கும் அதனை இறுகப் பற்றிக்கொள்வதால் மழைநீரோடு எளிதில் ஆழச் செல்வதுமில்லை. மேல்மண்ணின் சில அங்குலத்திலேயே தங்கிவிடுகின்றது. குழந்தைகள் விளையாடுவதும் அந்தச் சில அங்குலத்தில்தான். கீரை வேர்விடுவதும் அதில்தான்.

இவ்வுண்மையைத் தெளிவாகக் காட்டியவருள் ஒருவர் ஓவர்டு மீல்கே. அமெரிக்காவின் பால்டிமோர் நகரிலும் சுற்றுப்புறங்களிலும் 400க்கு மேற்பட்ட வீட்டுத் தோட்டங்களின் மண்ணை ஆராய்ந்து, 1983இல் அவரும் உடன் ஆய்ந்தோரும் முடிவுகளை வெளியிட்டனர். ஈயம் மிகுந்த தோட்டங்கள் நகரின் நடுப்பகுதியில் செறிந்திருந்தன. சுவர்ப்பூச்சில் இருந்த ஈயமே காரணம் என்று அதுவரை எண்ணினர். ஆனால் அப்பகுதி வீடுகளுள் பெரும்பாலானவை பூச்சற்ற செங்கல் வீடுகள். ஆகவே ஊர்திகள் மிகுந்து செல்லும் இடமே ஈயம் மிகுந்த இடமாயிற்று என்பது தெளிவாயிற்று. அமெரிக்காவில் ஈயப் பெட்ரோலின் பயன்பாடு குறைந்துவந்த 1976க்கும் 1980க்கும் இடையில், மக்களின் குருதியில் ஈயத்தின் சராசரி அளவு ஏறத்தாழ 37 விழுக்காடு குறைந்தது. குழந்தையின் வளரும் மூளையையே ஈயம் முதலில் தாக்குகிறது. கற்கும் ஆற்றலும் கவனமும் குன்றுகின்றன. தீங்கற்றது என்று சொல்லத்தக்க அளவு எதுவும் அறியப்படவில்லை என்பதே உலக நலவாழ்வு நிறுவனத்தின் கருத்து. வகுப்பில் பின்தங்கும் பிள்ளையைச் சோம்பேறி என்று கடியும் ஆசிரியப் பெருமக்கள் இதனையும் எண்ணிப் பார்த்தல் நன்று.

இந்தியாவில் எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் உச்சநீதிமன்றம் பிறப்பித்த ஆணைகள் மாற்றத்தை விரைவுபடுத்தின. 1995 ஏப்ரலில் சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களில், புகைமாற்றி பொருத்திய புதிய கார்களுக்காக ஈயமற்ற பெட்ரோல் வந்தது. 2000 பிப்ரவரி முதல் நாடு முழுவதும் அதுவே விற்கப்பட்டது. உலகில் இறுதியாக 2021இல் அல்சீரியா ஈயப் பெட்ரோலை நிறுத்தியது. பெட்ரோலிலிருந்து ஈயம் நீங்கிற்று, மண்ணிலிருந்து நீங்கிற்றில்லை. பழைய நெடுஞ்சாலை ஓரங்களில் அன்று வீழ்ந்தது இன்றும் கிடக்கின்றது. காற்று வீசும்போதும் சாலை அகலப்படுத்த மண்ணைக் கிளறும்போதும் அது மீண்டும் எழுகின்றது.

ஈயம் போனபின் ஊர்திகள் தூய்மையாகிவிட்டன என்றும் கூற இயலாது. டயர் இரப்பரில் ஒன்று முதல் இரண்டு விழுக்காடு துத்தநாக ஆக்சைடு உண்டு. தேயுந்தோறும் அது சாலையோர மண்ணில் சேர்கின்றது. பிரேக் கட்டைகளிலிருந்து செம்பும் ஆன்டிமனியும் உதிர்கின்றன. பட்டறை வாசலில் ஊற்றப்படும் கழிவு எண்ணெயைப் பற்றித் தனியே கூற வேண்டுவதில்லை, கண்கூடு. மின்னூர்திக்குப் புகைக்குழாய் இல்லை, ஆயின் டயர் உண்டு. மின்கலத்தால் எடையும் கூடுதல்.

இரயில் இவ்வகையில் சாலையினும் நல்லது என்பதே நம் கருத்து. அது கெடுக்கும் நிலம் ஒரு குறுகிய பட்டை. எனினும் மரச் சிலீப்பர் கட்டைகள் மக்காதிருக்கக் கரித்தாரிலிருந்து எடுத்த கிரியோசோட்டு எண்ணெய் ஊட்டப்பட்டது. அதிலுள்ள சேர்மங்கள் சில புற்றுநோய் விளைப்பன. இத்தகைய பழைய கட்டைகளை வாங்கிக் கட்டில், மேசை செய்வதும் தோட்டத்தில் பாத்தி கட்டுவதும் தவிர்க்கத்தக்கவை. நம் நாட்டில் பெட்டிக் கழிப்பறைகளின் கழிவு நெடுங்காலம் தண்டவாளத்திலேயே வீழ்ந்தது. அகலப்பாதைப் பெட்டிகள் அனைத்திலும் உயிரிக் கழிப்பறை பொருத்தும் பணி 2019இல் நிறைவுற்றது.

நெடுஞ்சாலையை ஒட்டிக் கீரை பயிரிடுவோர் உளர். கத்தரி, தக்காளி போன்ற காய்களுக்குள் ஈயம் மிகக் குறைவாகவே ஏறும். கீரையிலும் கிழங்கிலும் ஒட்டிய புழுதியே பெருங்கேடு. பலமுறை அலசுவதும் தோல் சீவுவதும் பெரிதும் பயன்தரும். மண்ணில் தொழுவுரம் மிகுவதும், புளிப்புத்தன்மை குறைவதும் ஈயத்தைக் கட்டிவைக்கும். பாசுபேட்டு உரம் அதனை எளிதில் கரையாத சேர்மமாக மாற்றும். சாலைக்கும் வயலுக்கும் நடுவே அடர்ந்த வேலிச்செடி புழுதியைத் தடுக்கும்.

மாணவர்கள் தத்தம் ஊரில் இதனை ஆராயலாம். சாலை விளிம்பிலிருந்து 1, 10, 50 மீட்டர் தொலைவுகளில் மேல்மண்ணை ஐந்து சென்டிமீட்டர் ஆழம் வரை பிளாஸ்டிக் கரண்டியால் எடுக்க வேண்டும். இரும்புக் கரண்டி வேண்டா. ஒவ்வொரு தொலைவிலும் ஐந்து இடங்களில் எடுத்துக் கலத்தல் நலம். நிழலில் உலர்த்தி, இரண்டு மில்லிமீட்டர் சல்லடையில் சலித்து, உறையின்மேல் ஊர்ப்பெயரும் தொலைவும் நாளும் குறித்து, அணு உட்கவர் நிறமாலைமானி உள்ள ஆய்வகத்துக்கு அனுப்பலாம். சாலை எந்த ஆண்டு போடப்பட்டது, எப்போது அகலப்படுத்தப்பட்டது என்பதை ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டு எழுதுதல் வேண்டும். 2000க்குப் பின் போடப்பட்ட புறவழிச்சாலையின் மண்ணையும் பழைய சாலையின் மண்ணையும் ஒப்பிட அக்குறிப்பு இன்றியமையாதது.