மூங்கிலில் பாடும் ஆர்கன்

கேள்வி: பிலிப்பைன்ஸில் ஒரு தேவாலயத்தில் மூங்கில் குழல்களாலான ஆர்கன் இருக்கிறதாமே? இருநூறு வருஷத்து மூங்கில் இன்னும் எப்படி ஒலிக்கிறது? பழையதைக் கழற்றிவிட்டுப் புதுக் குழல் மாட்டிவிட்டார்களா?

– வாசகர், பாளையங்கோட்டை

பதில்: கூடியவரை பழைய குழல்களையே காப்பாற்றியிருக்கிறார்கள்.

மணிலாவுக்குத் தெற்கே உள்ள லாஸ் பின்யாஸ் இன்று நகரம், அன்று சிற்றூர். அங்கே பங்குத்தந்தையாக இருந்த ஸ்பானியத் துறவி தியேகோ சேரா, 1816-ல் இந்த வேலையைத் தொடங்கினார். வெட்டிய மூங்கிலைக் கடற்கரை மணலில் புதைத்துவைத்து, பூச்சி அரிக்காமல் தப்பியதை மட்டும் எடுத்துக்கொண்டார். எக்காளம்போல் முழங்கவேண்டிய குழல்களை உலோகத்தில் செய்து, 1824-ல் ஆர்கனை முழுமையாக்கினார். மொத்தக் குழல்கள் 1,031. அவற்றில் மூங்கில் 902.

பிறகு நிலநடுக்கமும் புயலும் அதைச் சிதைத்தன. 1973-ல் பாகம்பாகமாகப் பிரித்து, ஜெர்மனியின் பான் நகரிலுள்ள யோஹானஸ் கிளைஸ் பட்டறைக்கு அனுப்பினார்கள். ஐரோப்பியக் குளிர்காலத்தின் வறண்ட காற்றில் மூங்கில் வெடித்துவிடும். அதனால் பிலிப்பைன்ஸின் வெப்பமும் ஈரப்பதமும் உள்ள தனி அறையை அங்கே அமைத்தார்கள்.

புதுக் குழல் போட்டால் என்ன என்று கேட்கலாம். குழலின் சுருதியைப் பெரும்பாலும் அதன் நீளம் தீர்மானிக்கிறது. நீளத்தை அளந்து வெட்டிவிடலாம். குரலின் குணமோ குழலின் வாயில் இருக்கிறது. துருத்தியிலிருந்து வரும் காற்று அங்கே உதட்டில் மோதித்தான் ஒலி பிறக்கிறது. அந்த உதட்டை மயிரிழை சீவினாலும் குரல் மாறும். போதாததற்கு, ஒவ்வொரு மூங்கிலின் உள்விட்டமும் வேறு. சேரா அவற்றை ஒவ்வொன்றாகப் பாடவைத்தவர். பழைய குழலைத் தூக்கி எறிந்தால் அவருடைய செவியையும் சேர்த்தே எறிந்துவிடுகிறோம்.

1975-ல் ஆர்கன் ஊர் திரும்பியது. அடுத்த ஆண்டு முதல் அதற்கென்று இசைவிழா நடக்கிறது. எனக்கு இதைவிடப் பெரிதாகப் படுவது வேறொன்று. பிலிப்பைன்ஸ் இளைஞர்கள் ஐரோப்பாவில் இந்தத் தொழிலைக் கற்றுவந்து, 1994-ல் லாஸ் பின்யாஸிலேயே சேராவின் பெயரில் ஆர்கன் பட்டறை தொடங்கினார்கள். தோலும் மரமும் மூங்கிலும் தேய்ந்துகொண்டேதான் இருக்கும். பழுதுபார்க்கத் தெரிந்தவர்கள் உள்ளூரிலேயே இருந்தால்தான் எந்தச் சீரமைப்பும் நிலைக்கும். பழைய ஆர்கன் வைத்திருக்கும் எந்தத் தேவாலயமும் நிதி திரட்டும்போதே, தொழில் கற்க இரண்டு பேரையும் தேடவேண்டும்.