கொடைக்கானலுக்கு எந்தப் பக்கத்து வண்டி?

கேள்வி:

பாறசாலைப் பக்கம் செறுவாரக்கோணத்தில் இருக்கிறோம். வீடு எல்லைக்கு இப்பால், சொந்தபந்தத்தில் பாதி அப்பால். கிறிஸ்துமஸ் லீவில் அம்மா, சித்தி, மனைவி, இரண்டு பிள்ளைகள், நான் என ஆறு பேர் கொடைக்கானல் போகலாம் என்று நினைக்கிறோம். நாலு நாள் உத்தேசம். மார்த்தாண்டத்தில் ஒரு டிராவல்ஸ்காரர் இன்னோவாவுக்குக் கிலோமீட்டருக்கு 17 ரூபாய் என்கிறார். நாளுக்குக் குறைந்தது 300 கிலோமீட்டர் கணக்காம். நெய்யாற்றின்கரைக்காரர் 21 ரூபாய் கேட்கிறார், குறைந்தது 200. இதற்கு நடுவே உதியன்குளங்கரையில் ஒரு கூட்டுக்காரன், “என் இன்னோவாவை எடுத்துக்கிட்டுப் போ, நாளுக்கு 2,500 தந்தா போதும், டீசல் நீ போட்டுக்கோ” என்கிறான். அம்மாவுக்கு முட்டுவலி உண்டு. எது லாபம்? காருக்கு மட்டும் எவ்வளவு எடுத்து வைக்க வேண்டும்?

பதில்:

கூட்டுக்காரரின் வண்டியை முதலில் கணக்கிலிருந்து எடுத்துவிடுங்கள். அவர் நல்லவர் இல்லை என்று சொல்லவில்லை. வெள்ளைப் பலகையில் கறுப்பு எழுத்து உள்ள வண்டி சொந்த உபயோகத்துக்கானது. அதைக் காசுக்கு விட்டால் பெர்மிட் இல்லாமல் வாடகைக்கு ஓட்டியதாக ஆகும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 192-ஏ பிரிவில் முதல் தடவைக்கே பத்தாயிரம் ரூபாய் அபராதமும் ஆறு மாதம் வரை சிறையும் உண்டு. விட்டவர் மட்டுமல்ல, ஓட்டியவரும் அதில் வருவார். அதைவிடப் பெரிய தொல்லை இன்சூரன்ஸ். தனிப்பட்ட உபயோகத்துக்கான பாலிசியில் ‘வாடகைக்கு விடலாகாது’ என்ற நிபந்தனை எழுதியிருக்கும். மலைப்பாதையில் எதிரே வரும் வண்டியோடு உரசினால் அந்த ஒரு வரியே போதும், கம்பெனி கையை விரித்துவிடும். 2024 டிசம்பரில் ஆலப்புழை களர்கோட்டில் மருத்துவ மாணவர்கள் போன கார் கே.எஸ்.ஆர்.டி.சி. பஸ்ஸில் மோதியது நினைவிருக்கும். அது வாடகைக்கு வாங்கிய தனியார் கார் என்று பிறகு தெரியவந்தது. அதற்கப்புறம் கேரள மோட்டார் வாகனத் துறை இந்த வெள்ளைப் பலகை வாடகையைக் கறாராகப் பார்க்கிறது.

சரி, சட்டத்தை விட்டுவிட்டுக் காசை மட்டும் பார்த்தாலும் அது அவ்வளவு மலிவில்லை. நாலு நாளுக்குப் பத்தாயிரம். செறுவாரக்கோணத்திலிருந்து நாகர்கோவில், திருநெல்வேலி, மதுரை, வத்தலக்குண்டு வழியாகக் கொடைக்கானல் ஒரு வழிக்குச் சுமார் 390 கிலோமீட்டர். போய்வர 780. அங்கே சுற்றுவதையும் ஷெட்டிலிருந்து உங்கள் வீட்டுக்கு வரும் தூரத்தையும் சேர்த்து 900 என்று வைத்துக்கொள்ளுங்கள். லிட்டருக்கு 12 ஓடினால் 75 லிட்டர் டீசல். லிட்டர் 95 ரூபாய் என்று போட்டால் 7,125. மொத்தம் 17,125 ரூபாய் ஆகிவிட்டது, கொண்டையூசி வளைவில் ஸ்டியரிங்கைப் பிடிப்பதும் நீங்களேதான். தானே ஓட்டித்தான் ஆக வேண்டும் என்பவர்களுக்கு ‘ரெண்ட்-ஏ-கேப்’ உரிமம் உள்ள நிறுவனங்கள் இருக்கின்றன. கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து இருக்கும். 1989-ஆம் வருடத்துத் திட்டப்படி அந்த உரிமத்துக்குக் குறைந்தது 50 வண்டி வேண்டும். அதனால் அந்தப் பலகையை நம் ஜங்ஷன்களில் பார்ப்பது அபூர்வம், திருவனந்தபுரம்தான் போக வேண்டும்.

இனி உங்கள் இரண்டு டாக்சிக்காரர்கள். 17 சிறியது, 21 பெரியது என்றுதான் கண் போகும். ஆனால் இந்தப் பயணத்தில் விலையைத் தீர்மானிப்பது கிலோமீட்டர் ரேட் அல்ல, ‘நாளுக்குக் குறைந்தது’ என்கிற அந்தத் துணுக்கு வார்த்தைதான். நாலு நாள் போனால் மார்த்தாண்டத்துக்காரர் 1,200 கிலோமீட்டருக்குப் பில் போடுவார், நீங்கள் ஓடுவது 900 ஆனாலும். 1,200-ஐ 17-ஆல் பெருக்கினால் 20,400. நெய்யாற்றின்கரைக்காரரின் குறைந்தபட்சம் 800-தான். நீங்கள் அதைத் தாண்டிவிடுவதால் ஓடிய 900-க்கு மட்டும் கொடுப்பீர்கள், 18,900. மலிவென்று நினைத்தவர் 1,500 ரூபாய் கூடுதல்.

இதையே மூன்று நாளாகச் சுருக்கிப் பாருங்கள். மார்த்தாண்டத்துக்காரருக்கு 900 கிலோமீட்டர், 15,300 ரூபாய். நெய்யாற்றின்கரைக்காரருக்கு அதே 18,900. இப்போது மார்த்தாண்டம் 3,600 ரூபாய் குறைவு! ஆக நாலாவது நாள் என்பது ஒருவருக்கு 5,100 ரூபாய், இன்னொருவருக்கு ட்ரைவர் படி மட்டும். கொடைக்கானலில் நீங்கள் ஏரியைச் சுற்றி நடந்து, கோக்கர்ஸ் வாக்கில் நின்று படம் எடுத்துக்கொண்டிருக்கும் நாளில் வண்டி விடுதி வாசலில் சும்மாதான் நிற்கும். அந்த நிற்கிற வண்டிக்குத்தான் அந்த 5,100. ஒப்பிடுவதற்காகச் சொல்கிறேன்: 2022 மே முதல் கேரள அரசு வைத்திருக்கும் டாக்சிக் கட்டணத்தில் 1,500 சி.சி.க்கு மேற்பட்ட வண்டிக்குக் கிலோமீட்டருக்கு 20 ரூபாய், காத்திருப்புக்கு மணிக்கு 50, நாள் முழுக்க நின்றாலும் 500-க்கு மேல் இல்லை. வெளியூர் ஓட்டத்துக்கு யாரும் அந்தக் கணக்கில் வரமாட்டார்கள் என்பது வேறு விஷயம். பேரம் பேச உதவும்.

நாள் என்றால் என்ன என்பதையும் கேட்டு எழுதி வாங்குங்கள். சிலர் கிளம்பிய நேரத்திலிருந்து 24 மணி நேரம் என்பார்கள். பலர் காலண்டர் தேதியைப் பார்ப்பார்கள். திரும்பும்போது ராத்திரி பன்னிரண்டைத் தாண்டி வீடு சேர்ந்தால் இன்னொரு நாள் ஏறும். விடியற்காலை நாலு மணிக்குக் கிளம்பி, கடைசி நாள் காலைச் சாப்பாடு முடிந்ததும் மலையிறங்கிவிட்டால் இந்தச் சண்டை வராது.

இப்போது எல்லைக்கு வருவோம். 1956 நவம்பர் 1-க்கு முன்னால் விளவங்கோடும் நெய்யாற்றின்கரையும் ஒரே மாநிலத்துத் தாலுகாக்கள், களியக்காவிளையில் யாரும் யாரிடமும் பெர்மிட் கேட்கவில்லை. இன்று கேட்பார்கள். நெய்யாற்றின்கரைக்காரரின் கே.எல்.-20 டாக்சி தமிழ்நாட்டுக்குள் போக வேண்டுமென்றால் ஆல் இந்தியா டூரிஸ்ட் பெர்மிட் இருக்க வேண்டும். இல்லையென்றால் பரிவாகன் தளத்தில் தற்காலிகப் பெர்மிட்டும் வரியும் கட்ட வேண்டும். அந்த வரி இருக்கை எண்ணிக்கையைப் பொறுத்தது, அதை உங்கள் தலையில்தான் வைப்பார்கள். மார்த்தாண்டத்துக்காரரின் டி.என்.-75 வண்டிக்குக் கொடைக்கானல் சொந்த மாநிலம், அங்கே பிரச்சினை இல்லை. ஆனால் உங்களை ஏற்ற அது செறுவாரக்கோணத்துக்குள் வர வேண்டுமே! ஆல் இந்தியா பெர்மிட் இல்லாத வண்டி அந்த நாலைந்து கிலோமீட்டருக்காகக் கேரளத்துக்கு வரி கட்ட வேண்டிவரும். அப்படிப்பட்ட வண்டியானால் வீட்டிலிருந்து ஆட்டோ பிடித்து இஞ்சிவிளை வரை வந்து, களியக்காவிளையில் ஏறிக்கொள்ளுங்கள். அம்மாவின் முட்டுக்கு ஒரு இறங்கி-ஏறல்தான் கூடுதல். ஆகவே இரண்டு பேரிடமும் முதல் கேள்வி, “ஆல் இந்தியா பெர்மிட் இருக்கா? எந்தத் தேதி வரைக்கும்?” பெர்மிட்டின் போட்டோவை வாட்ஸாப்பில் அனுப்பச் சொல்லுங்கள், தயங்குகிறவரை விட்டுவிடுங்கள்.

எல்லையோரத்தில் இருப்பவர்களுக்கு உலகம் முழுக்க இந்தத் தலைவலி உண்டு. ஆல்ப்ஸ் மலைக்குப் பனிச்சறுக்கு விளையாடப் போகிறவர்கள் இறங்கும் ஜெனீவா விமான நிலையத்துக்கு ஸ்விஸ் பக்கம் ஒரு வாசல், பிரெஞ்சுப் பக்கம் ஒரு வாசல். பிரெஞ்சுப் பக்கத்தில் வாடகைக் கார் பொதுவாக மலிவு. ஆனால் ஸ்விஸ் நெடுஞ்சாலையில் ஓடத் தேவையான 40 ஃபிராங்க் ஸ்டிக்கர் அதில் ஒட்டியிருக்காது, பனிக்கால டயருக்குத் தனியாகக் கேட்பார்கள். அங்கேயும் மலிவு வண்டி மலிவாகவே முடிவதில்லை.

கொடைக்கானலுக்குப் போக வேண்டிய இன்னொன்று இ-பாஸ். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வந்தது. 2025 ஏப்ரலிலிருந்து ஜூன் வரை கொடைக்கானலுக்கு வார நாளில் 4,000 வண்டி, சனி ஞாயிறில் 6,000 வண்டி என்று வரம்பும் போட்டார்கள். பாஸுக்குக் காசில்லை. ஆனால் அது வண்டி எண்ணுக்குத் தரப்படுவது. டிராவல்ஸ்காரர்கள் கடைசி நிமிடத்தில் வேறு வண்டியை அனுப்புவது சகஜம், அப்போது கையிலிருக்கும் பாஸ் செல்லாது. ‘வண்டி மாறினால் பாஸ் எடுத்துத் தருவது உங்கள் பொறுப்பு’ என்று முன்பணம் கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள். ஐந்து லிட்டருக்குக் குறைந்த பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்கும் அங்கே தடை இருக்கிறது. வீட்டிலிருந்து எவர்சில்வர் பாட்டிலில் எடுத்துப் போங்கள்.

டோலை மறந்துவிடாதீர்கள். நாங்குநேரி, சாலைப்புதூர், எட்டூர்வட்டம், கப்பலூர் என்று வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள், போகவும் வரவும் கொடுக்க வேண்டும். 24 மணி நேரத்துக்குள் திரும்பினால் கிடைக்கும் சலுகை உங்களுக்குக் கிடையாது. வண்டியின் ஃபாஸ்டேகில் காசு இருக்கிறதா என்று கிளம்பும்போதே ட்ரைவரிடம் கேளுங்கள், ரொக்கமாகக் கொடுத்தால் இரட்டிப்பு. டோல், பார்க்கிங், நகராட்சி நுழைவுக் கட்டணம் எல்லாவற்றுக்கும் சேர்த்து 1,500 ரூபாய் ஒதுக்கலாம். ட்ரைவர் படி நாளுக்கு 600 என்று பேசினால் நாலு நாளுக்கு 2,400. ராத்திரிப் படி என்று தனியாக ஒன்று கேட்கிறாரா என்று பாருங்கள். ‘மலையில் ஏசி கிடையாது’ என்பது எல்லாரும் சொல்வது, டிசம்பரில் உங்களுக்கு அது தேவைப்படவும் செய்யாது.

நாலு நாளுக்கு, நெய்யாற்றின்கரை வண்டியானால்: வாடகை 18,900, படி 2,400, டோல் வகையறா 1,500, ஆக 22,800. கைக்காவலாகப் பத்து சதவீதம் சேர்த்து 25,000 ரூபாய் எடுத்து வையுங்கள். ஆல் இந்தியா பெர்மிட் இல்லையென்றால் வரி இதற்கு மேல். பெர்மிட் இருந்து நாலு நாள் போவதானால் என் ஓட்டு நெய்யாற்றின்கரைக்கு. மூன்று நாள் போதுமென்றால் யோசிக்காமல் மார்த்தாண்டம்.

ரயிலில் மதுரை போய் அங்கே கார் எடுக்கலாமே என்று யாராவது சொல்வார்கள். மதுரை வழியாகப் போகும் குருவாயூர்–சென்னை எக்ஸ்பிரஸ் நம் பாதையில்தான் வருகிறது, காசும் கணிசமாக மிச்சமாகும். நாலு இளவட்டங்கள் கேட்டிருந்தால் அதைத்தான் சொல்லியிருப்பேன். முட்டுவலிக்காரர், இரண்டு பிள்ளைகள், கம்பளி மூட்டைகள் என்று இருப்பவர்களுக்கு மதுரையில் ஒரு ராத்திரி தங்கி, மறுநாள் அறியாத வண்டியில் ஏறுவது வேண்டாம்.

வண்டி கிளம்பும்போது மீட்டரைப் போனில் படம் எடுங்கள், திரும்பி வந்து இறங்கும்போதும் எடுங்கள். ட்ரிப் ஷீட்டில் எழுதும் எண்ணோடு ஒத்துப்போக வேண்டும். ட்ரைவர் முன்னாலேயே எடுத்தால் அவருக்கும் வருத்தமிருக்காது.

கடைசியாக ஒன்று, இதைப் பலரும் பட்ஜெட்டில் போடுவதில்லை. டிசம்பரில் கொடைக்கானல் ராத்திரி பத்து டிகிரிக்கும் கீழே இறங்கும். அந்தக் குளிரில் ட்ரைவர் வண்டிக்குள் சீட்டைச் சாய்த்துப் படுத்திருந்துவிட்டு, மறுநாள் உங்கள் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு வத்தலக்குண்டு மலைப்பாதையில் இறங்குவார். விடுதிக்குப் போன் செய்யும்போதே ட்ரைவருக்குக் கட்டிலும் கம்பளியும் உண்டா என்று கேளுங்கள். இல்லை என்றால் வேறு விடுதி பாருங்கள்.