பொன் தேய்ந்த பூக்கடிகாரம்

கேள்வி: நாங்கள் நியூ ஜெர்சியில் இருக்கிறோம். பக்கத்துத் தெருவில் ஒரு பழைய வீட்டுச் சாமான்களை விற்றபோது, கணப்பு மாடத்தின்மேல் வைக்கிற பீங்கான் கடிகாரம் ஒன்றை வாங்கினேன். பச்சையும் இளஞ்சிவப்புமாக ரோஜாப் பூக்கள், வளைவுகளில் பொன்பூச்சு. டயலில் ‘அன்சோனியா’ என்றும், பின்புறம் ‘ராயல் பான், ஜெர்மனி’ என்றும் இருக்கிறது. இரண்டில் எது உண்மை? பூக்கள் கையால் வரைந்தவையா? தேய்ந்த இடங்களில் பொன்வண்ணம் பூசலாமா? சாவி கொடுத்தால் சில நிமிடம் ஓடி நின்றுவிடுகிறது. என்ன செய்வது?
— வாசகி, நியூ ஜெர்சி

பதில்: இரண்டுமே உண்மை. உங்கள் கடிகாரத்தின் உடல் ஜெர்மனியில் பிறந்தது, உயிர் அமெரிக்காவில். ரைன் நதிக்கரையில் உள்ள பான் நகரில் ஃப்ரான்ஸ் அன்டோன் மேலம் என்பவரின் பெயரில் ஒரு மண்கலத் தொழிற்சாலை இருந்தது. ‘ராயல் பான்’ அதன் முத்திரை. அங்கே செய்த கூடுகளை வரவழைத்து, நியூயார்க்கின் புரூக்ளினில் செய்த இயந்திரத்தைப் பொருத்தி விற்றது அன்சோனியா கடிகாரக் கம்பெனி. இந்த வகை 1890களிலிருந்து முதல் உலகப் போர்வரை நன்றாக விற்றது. பல மாடல்களுக்கு ‘லா’ என்று தொடங்கும் பிரெஞ்சுப் பெயர் சூட்டினார்கள். பின்புறம் முத்திரைக்கு அருகில் அப்படி ஒன்று இருக்கிறதா என்று பாருங்கள்.

‘ஜெர்மனி’ என்ற அந்தச் சொல் காலத்தையும் காட்டிக்கொடுக்கிறது. இறக்குமதியாகும் பொருளில் நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்று அமெரிக்காவின் 1890ஆம் ஆண்டு மெக்கின்லி வரிச் சட்டம் சொன்னது. ஆகவே உங்களுடையது பெரும்பாலும் அதற்குப் பிந்தியது. அன்சோனியா 1929இல் தன் தொழிற்சாலைக் கருவிகளில் பெரும்பகுதியைச் சோவியத் அரசுக்கு விற்றுவிட்டது. மேலம் தொழிற்சாலையும் 1920களின் தொடக்கத்தில் வில்லெராய் அண்ட் போக் என்ற கம்பெனியின் கைக்குப் போய், பிறகு மூடப்பட்டது. அதனால் மிகவும் பிந்தியதாகவும் இருக்க முடியாது.

பூக்களுக்கு வருவோம். விற்பவர்கள் எல்லோரும் ‘கையால் வரைந்தது’ என்பார்கள். பெரும்பாலானவற்றில் அது பாதி உண்மை. கோட்டுருவத்தைத் தாளில் அச்சிட்டு, அதைக் கூட்டின்மேல் ஒற்றியெடுத்து, அதற்குள் தூரிகையால் வண்ணம் தீட்டுவது அன்றைய வழக்கம். பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் ஒன்றை வாங்கி இதழின் ஓரத்தைப் பாருங்கள். எல்லாப் பூவிலும் ஒரே கனத்தில் ஒரே நிறக் கோடு ஓடினால் அது அச்சு. வண்ணமே நுண்புள்ளிகளாகச் சிதறித் தெரிந்தால் முழுதும் அச்சு. தூரிகை வேலையில் வண்ணம் ஓரிடத்தில் தடித்தும் ஓரிடத்தில் மெலிந்தும் இருக்கும்; விரல்நுனியால் தடவினால் மேடு தட்டும். கோட்டைத் தாண்டி வண்ணம் கொஞ்சம் வழிந்திருந்தால் வருந்தாதீர்கள். எனக்கு அந்த வழிசல்தான் மிகவும் பிடிக்கும். பெயர் எங்கும் பதிவாகாத ஒரு தொழிலாளியின் கை அங்கேதான் தெரிகிறது.

அதனால்தான் பொன்வண்ணம் பூசுவதை நான் வன்மையாக மறுக்கிறேன். பழைய பொன், மெருகு ஏற்றிச் சுட்டபின் அதன்மேல் தடவி, குறைந்த சூட்டில் மறுபடி சூளையில் வைத்தது. மெல்லிய படலம், துடைக்கத் துடைக்கத் தேயும். கடையில் விற்கும் பொன்வண்ணத்தில் பெரும்பாலும் இருப்பது பித்தளைத் தூள். அது சில ஆண்டுகளில் கறுக்கும்; அதைச் சுரண்டி எடுக்கும்போது மிச்சமிருக்கும் அசல் பொன்னும் சேர்ந்து போகும். தேய்ந்தது தேய்ந்தபடி இருக்கட்டும்.

தண்ணீரில் முக்கிக் கழுவவும் வேண்டாம். பீங்கான் என்று நாம் சொன்னாலும் இது நீரை உறிஞ்சும் மண்கலம். மெருகில் மயிரிழை வெடிப்புகள் இருந்தால் அழுக்குத் தண்ணீர் அதன்வழி உள்ளே இறங்கிப் பழுப்புக் கறையாக நின்றுவிடும். மென்மையான தூரிகையால் தூசி தட்டினால் போதும்.

ஓடி நிற்பதற்கு முதலில் சந்தேகப்பட வேண்டியது, கடிகாரம் நிற்கும் தளத்தை. காதை அருகில் வைத்துக் கேளுங்கள். டிக்… டக்… என்று சம இடைவெளியில் கேட்க வேண்டும். டிக்டக்… டிக்டக்… என்று நொண்டினால் ஊசலின் இருபக்க ஆட்டமும் ஒத்துப்போகவில்லை. கூட்டின் ஒரு பக்கத்துக்கு அடியில் தாள் மடித்து வைத்து, சத்தம் சமமாகும்வரை உயர்த்துங்கள். ஓடினால் இயந்திரத்தில் பெரிய குறையில்லை. உள்ளே செய்ய வேண்டிய சிறு திருத்தத்தைப் பழுதுபார்ப்பவர் செய்துவிடுவார். டயலின் முகத்திலேயே சிறு பல்சக்கரம் விட்டுவிட்டுச் சுழல்வது வெளியே தெரிந்தால், அது பாரிசின் கடிகாரக்காரர் அகில் புரோக்கோ உருவாக்கிய அமைப்பு. பார்க்க அழகு, தொட்டால் ஆபத்து.

சமமாகக் கேட்டும் நின்றால் எண்ணெய் காய்ந்து பிசினாகியிருக்கும். வீட்டிலுள்ள எண்ணெயைத் தெளிக்காதீர்கள். தூசியோடு குழைந்து அச்சாணித் துளைகளை அரித்துவிடும். தட்டுகளைக் கழற்றவும் கூடாது. இந்த அமெரிக்க இயந்திரங்களில் ஸ்பிரிங் உருளைக்குள் அடைபட்டிருக்காது. முறுக்கேறிய நிலையில் விடுபட்டால் விரல் எலும்பே உடையும். பழுதுபார்ப்பவரிடம் கொண்டுபோகும்போது ஊசலைக் கழற்றித் தனியே சுற்றிக்கொள்ளுங்கள். பென்சில்வேனியாவின் கொலம்பியா நகரில் கடிகாரச் சேகரிப்பாளர் சங்கமும் அதன் அருங்காட்சியகமும் இருக்கின்றன. உங்களுக்கு எட்டும் தூரம்தான். நல்ல பழுதுபார்ப்பவரை அங்கே கேட்கலாம்.

கேள்வி: இத்தகைய கடிகாரம் வாங்கும்போது, உடைந்து ஒட்டியதை எப்படிக் கண்டுபிடிப்பது?
— வாசகர், டொரன்டோ

பதில்: புற ஊதா விளக்கு ஒன்று வாங்கி, இருட்டில் காட்டுங்கள். பிற்காலப் பசையும் வண்ணமும் சுற்றியுள்ள மெருகிலிருந்து வேறாக ஒளிரும். டயல் பொருந்தும் வட்டத் துளையின் விளிம்பை அவசியம் பாருங்கள்; திருகை இறுக்கியவர்கள் விட்டுப்போன விரிசல் அங்கேதான் தொடங்கும். பின்கதவைத் திறந்து உட்புறத்தையும் பாருங்கள். வெளியே பூசி மறைப்பவர்கள் உள்ளே பூச மெனக்கெடுவதில்லை.