முதலில் 25 எம்எம் வாங்குங்கள்: மலையகத்தின் இரவு கைடுகளுக்கு

நுவரெலியாவிலும் ஹட்டனிலும் கைட் வேலைக்குப் போட்டி கடுமை. கொழுந்து மலையைக் காட்டவும் ஃபாக்டரியைச் சுற்றிக் காட்டவும் நீர்வீழ்ச்சிக்குக் கூட்டிப் போகவும் ஆள் நிறைய. எல்லாருடைய வேலையும் பொழுது சாயும்போது முடிந்துவிடும். அதற்குப் பிறகு டின்னர் வரை கெஸ்ட் சும்மாதான் உட்கார்ந்திருக்கிறார். அந்த நேரத்தைப் பிடிப்பவர் விடுதி மேனேஜர் கண்ணில் தனியாகத் தெரிவார். அதற்கு ஒரு சின்ன டெலஸ்கோப் போதும். ஆனால் அதில் கண் வைத்துப் பார்க்கும் லென்ஸாக எந்த ஐபீஸைப் போடுகிறீர்கள் என்பதில்தான் உங்கள் பெயர் நிற்கும், அல்லது கெடும்.

1. பெட்டியை நம்பாதீர்கள், கணக்கைப் போடுங்கள். 70 எம்எம் வாய், 700 எம்எம் குவியத்தூரம். ஆரம்ப டெலஸ்கோப்புகளில் இது மிகச் சாதாரணமான அளவு. 700ஐ ஐபீஸின் எம்எம்மால் வகுத்தால் எத்தனை மடங்கு பெரிதாகத் தெரியும் என்று வந்துவிடும். 25 எம்எம் போட்டால் 28 மடங்கு, 10 எம்எம் போட்டால் 70, 4 எம்எம் போட்டால் 175. எண் சிறிதானால் உருவம் பெரிது. சில பெட்டிகளில் '525 மடங்கு' என்று கொட்டை எழுத்தில் இருக்கும். 4 எம்எம் ஐபீஸோடு, உருவத்தை மூன்று மடங்காக்கும் பார்லோ லென்ஸைச் சேர்த்துப் போட்ட கணக்கு அது. வாய் அகலத்தின் எம்எம்மை இரண்டால் பெருக்குங்கள், அதுதான் உச்சவரம்பு. 70 எம்எம்முக்கு 140. அதைத் தாண்டினால் மங்கலைத்தான் பெரிதாக்குகிறீர்கள்.

2. கையில் காசு ஒன்றுக்குத்தான் என்றால் 25 எம்எம் பிளோசல் வகை ஐபீஸ். இதில் நான் மாறமாட்டேன். ஆறு கெஸ்ட் வரிசையில் நிற்கிறார்கள் என்று வையுங்கள். பூமி சுழல்வதால் வியாழன் ஐபீஸுக்குள் நகர்ந்துகொண்டே இருக்கும். 25 எம்எம்மில் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் போக ஏறக்குறைய ஏழு நிமிடம். ஆறு பேரும் பார்த்துவிடலாம். 10 எம்எம்மில் மூன்று நிமிடம்கூட இல்லை. 4 எம்எம்மில் ஏறக்குறைய ஒரு நிமிடத்தில் காணாமல் போய்விடும். இரண்டாவது ஆள் குனியும்போது வெறும் இருட்டு. நீங்கள் மறுபடி தேட, கெஸ்ட் ஃபோனை எடுப்பார். அன்றைய ஷோ அத்தோடு சரி. வியாழனின் நான்கு பெரிய நிலவுகளும், ஓரியன் நெபுலாவும், முழு நிலாவும் 25 எம்எம்மிலேயே அழகாகத் தெரியும்.

3. இரண்டாவதாக 10 எம்எம்மா, பார்லோவா? சனியின் வளையமும் நிலாவின் பள்ளங்களும் பேச வைக்க 60, 70 மடங்கு வேண்டும். 10 எம்எம் பிளோசல் அதைத் தரும். ஆனால் கண்ணை லென்ஸுக்கு மிக அருகே, ஏழெட்டு மில்லிமீட்டர் தூரத்தில் வைக்கவேண்டும். மூக்குக்கண்ணாடி போட்டவருக்கு அது நடக்காது. உங்கள் கெஸ்ட்டில் பாதிப் பேர் வயதானவர்கள் என்றால், இரண்டு மடங்கு பார்லோ ஒன்று வாங்கி 25 எம்எம்மோடு சேருங்கள். 56 மடங்கு கிடைக்கும், கண்ணாடியும் இடிக்காது. கைடுக்கு இதுதான் லாபம்.

4. அடிப்பக்க அளவு. இப்போதைய ஐபீஸ்கள் பெரும்பாலும் 1.25 இஞ்ச். பழைய டெலஸ்கோப்புகளில் 0.965 இஞ்ச். ரூலரால் அளக்காமல் ஆர்டர் போடாதீர்கள்.

5. நுவரெலியா 1,868 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஜனவரி, பெப்ரவரி இரவுகளில் புல்லில் உறைபனி விழுகிற ஊர். கெஸ்ட்டின் மூச்சுப் பட்டதும் ஐபீஸில் ஆவி படிந்து மூடிக்கொள்ளும். சாரத்து முனையால் துடைக்கவே கூடாது, கீறல் விழும். ஒரு ஐபீஸ் டெலஸ்கோப்பில், இன்னொன்று ஜாக்கெட் பையில் உடம்புச் சூட்டில். மாற்றி மாற்றிப் போடுங்கள்.

6. முழுநிலா நாளான போயா லீவுக்கு விடுதி நிறையும், மேனேஜர் அன்றைக்கே ஷோ கேட்பார். முழுநிலா வெளிச்சத்தில் பள்ளங்களின் நிழல் தெரியாது, மங்கலான நட்சத்திரங்களும் மறைந்துவிடும். வளர்பிறை ஏழாம், எட்டாம் நாளை நீங்களே சொல்லிக் கேளுங்கள். ஏப்ரல் சீசனில் இன்னொரு துருப்பு: இரவு பத்து மணிக்கு மேல் தென்பக்கம் மலை மறைக்காத இடமாகப் பார்த்து நில்லுங்கள். தென்சிலுவையும், தென்கிழக்கில் ஒமேகா சென்டாரி கொத்தும் ஏறியிருக்கும். லண்டன்காரர் தம் ஊரில் இவற்றைப் பார்க்கவே முடியாது. இதற்கும் அதே 25 எம்எம்தான்.

7. சில மலிவு செட்டுகளில் ஐபீஸில் திருகும் கறுப்பு 'சன் ஃபில்டர்' வரும். குவிந்த வெயிலின் சூட்டில் அது வெடித்தால் பார்ப்பவரின் கண் போய்விடும். இன்றைக்கே அதை உடைத்துக் குப்பையில் போடுங்கள். டெலஸ்கோப் இருக்கும் ஒவ்வொரு பங்களாவிலும் போய் இதைச் சொல்லுங்கள்.